காரில் ஒரு நாள்: வால்பாறையா, ஊட்டியா, உடுமலையா, பவானிசாகரா, ஏற்காடா?

விடுமுறை நெருங்கினால் வரும் கேள்வி ஒன்றுதான். வீட்டில் ஒரு கார் இருக்கிறது. அப்புச்சி, அம்மாயி முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோரும் கிளம்பத் தயார். ஏரியும் பார்க்க வேண்டும், அருவியிலும் குளிக்க வேண்டும், இரவு வீட்டில் படுக்க வேண்டும். எந்தப் பக்கம் போவது? பிள்ளைகள் எரிமலையையும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்கும் பதில் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கோவையை மையமாக வைத்து ஐந்து வழிகளை எடைபோடுகிறேன். திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்குக் கணக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஒரு நாள் பயணத்தில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்பினால் கையில் 14 மணி நேரம். சாப்பாட்டுக்கும் டீக்கும் 2 மணி நேரம் போய்விடும். மிச்சமுள்ள 12ல் எத்தனை மணி நேரம் காருக்குள் கழிகிறது என்பதை முதலில் எழுதுங்கள். பாதிக்கு மேல் போனால் அது ஒரு நாள் பயணத்துக்கு எளிதான இடம் இல்லை, இரண்டு நாள் பயணத்தை நசுக்கி ஒரு நாளாக்குகிறீர்கள் என்று பொருள்.

அடுத்தது மாதம். அருவிக்கு இரண்டு எதிரிகள் உண்டு: வறட்சியும் வெள்ளமும். மார்ச், ஏப்ரலில் போனால் பாறைதான் இருக்கும். கனமழையில் போனால் தடுப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம்தான் குளிக்கிற காலம். மேற்கு மலைகளுக்கு அது பெரும்பாலும் செப்டம்பர் முதல் ஜனவரி வரை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி. அணைகள் அப்படியில்லை. ஆடியில் நிரம்பத் தொடங்கினால் தை வரை கண்ணுக்கு நிறைவாகவே இருக்கும்.

மூன்றாவது, உடன் வருகிறவர்களின் உடல். முழங்கால் வலி உள்ளவருக்குப் படிகள் பிரச்சினை. குமட்டல் உள்ள குழந்தைக்குக் கொண்டை ஊசி வளைவுகள் பிரச்சினை. இந்த இரண்டும் எல்லா இடத்திலும் சேர்ந்து இருப்பதில்லை, அதனால் தேர்வு செய்ய வழி இருக்கிறது.

நான்காவது, அனுமதியும் செலவும். இ-பாஸ், வனத்துறைக் கட்டணம், சுங்கச்சாவடி, படகுச் சவாரி டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம் ஆகியவை தனித்தனியே சிறியவை. ஐந்து பேருக்குக் கூட்டிப் பார்த்தால் டீசல் செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வாடகைக் கார் என்றால் குறைந்தபட்ச கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா இவற்றோடு மலைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

| வழி | கோவையிலிருந்து போய்வர (சுமார்) | காருக்குள் கழியும் நேரம் | நீர் சிறக்கும் காலம் | முன்கூட்டியே செய்ய வேண்டியது |
|---|---|---|---|---|
| ஆழியாறு – வால்பாறை – சோலையாறு | 250 கி.மீ. | 8 மணி | செப்டம்பர் – ஜனவரி | இ-பாஸ் |
| ஊட்டி – பைக்காரா | 220 கி.மீ. | 7 முதல் 9 மணி | ஆகஸ்ட் – டிசம்பர் | இ-பாஸ் |
| திருமூர்த்தி மலை – அமராவதி அணை | 210 கி.மீ. | 5 மணி | செப்டம்பர் – ஜனவரி | அருவியில் குளிக்கத் தடை உண்டா என்ற விசாரிப்பு |
| பவானிசாகர் – கொடிவேரி | 170 கி.மீ. | 4½ மணி | ஆண்டின் பெரும்பகுதி | அணையில் உபரிநீர் திறப்பு உண்டா என்ற விசாரிப்பு |
| ஏற்காடு – கிளியூர் | 390 கி.மீ. (ஈரோட்டிலிருந்து 190) | 8 மணி (ஈரோட்டிலிருந்து 5) | அக்டோபர் – டிசம்பர் | எதுவும் இல்லை |

நேரக் கணக்கு சாதாரண நாளுக்கானது. மே மாத ஞாயிறுக்கும் தொடர் விடுமுறைக்கும் மலைப்பாதைகளில் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

## ஆழியாறு – வால்பாறை

அழகு ஒன்றையே அளவாகக் கொண்டால் இந்த வழிக்கு நிகர் கிடையாது. பொள்ளாச்சியைத் தாண்டியதும் தென்னந்தோப்பு, அதன் முடிவில் ஆழியாறு அணை, அணைக்குப் பின்னால் சுவர் போல எழும் ஆனைமலை. வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் சில கிலோமீட்டரில் குரங்கு அருவி. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனையில் நின்றால் கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். அந்தப் பாறைச் சரிவுகளில் வரையாடுகள் மேய்வதைப் பலமுறை பார்க்கலாம். மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்திலேயே இருக்கும். அவற்றுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். சாலைக்கு இறங்கி வரப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

இந்தப் பக்கம் பார்க்கிற தண்ணீருக்கு ஒரு பெரிய கதை உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் இல்லையென்றால் இதில் பெரும்பங்கு மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர்ந்திருக்கும். மேல் சோலையாற்றில் தேக்கி, பரம்பிக்குளம், தூணக்கடவு வழியாகச் சுரங்கங்களில் திருப்பி, சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்து, மலையடிவாரக் கால்வாயில் ஓடவிட்டு, திருமூர்த்தி அணையில் சேர்க்கிறார்கள். பல்லடம் பக்கத்து வயல் வரை பாய்வது இந்தத் தண்ணீர்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போங்கள், அணைகள் வெறும் படகுச் சவாரி இடங்களாகத் தெரியாது.

இனி, மறைந்திருக்கும் செலவு. முதலாவது நேரம். வால்பாறை ஊரைத் தொட்டதும் பயணம் முடிந்துவிடுவதில்லை. சோலையாறு அணை ஒரு பக்கம், நல்லமுடி காட்சிமுனை ஒரு பக்கம், கூழாங்கல் ஆறு ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றும் தேயிலைத் தோட்டச் சாலையில் தனித்தனித் தூரம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்றால் எதிலும் கால்மணி நேரம் கூட உட்கார முடியாது. இருட்டுவதற்குள் மலையிறங்கி ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும், ஏனென்றால் இது யானைகளும் சிறுத்தைகளும் குறுக்கிடும் பாதை. ஆகவே பகல் 3 மணிக்கு வால்பாறையை விட்டுக் கிளம்பியே ஆக வேண்டும்.

இரண்டாவது, நீரின் ஆபத்து. 2023 அக்டோபரில் சுற்றுலா வந்த கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சோலையாறு பகுதியில் மூழ்கி இறந்தார்கள். கூழாங்கல் ஆற்றில் முழங்கால் அளவு நீரில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆற்றில் இறங்க வேண்டாம் என்று எழுதியிருக்கும் இடத்தில் இறங்கவே வேண்டாம். உள்ளூர்க்காரர் ஒருவர் குளிக்கிறார் என்பது அனுமதி ஆகாது, அவருக்குத் தெரிந்த பள்ளம் நமக்குத் தெரியாது.

2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் கட்டாயம். கட்டணம் இல்லை, இணையத்தில் பதிவு செய்தால் போதும்.

என் முடிவு: கல்லூரி நண்பர்களும் இளம் தம்பதிகளும் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் முழு வால்பாறையும் செய்யலாம். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் பாதி வால்பாறை போதும். ஆழியாறு அணை, குரங்கு அருவி, ஒன்பதாவது வளைவு, திரும்பல். இதற்குக் காருக்குள் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும். மலையின் முகத்தையும் பார்த்திருப்பீர்கள், குழந்தை 40 வளைவுகளைத் தாங்க வேண்டியதும் இல்லை. முழு வால்பாறை வேண்டுமென்றால் ஓர் இரவு தங்குங்கள், அந்த ஊர் அதற்குத் தகுதியானது.

## ஊட்டி – பைக்காரா

ஊட்டிக்குப் போகிறவர்களில் பலர் ஊட்டி ஏரியோடு நின்றுவிடுகிறார்கள். அது கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உருவாக்கிய செயற்கை ஏரி. வரலாறு பெரிது, இன்றைய நெரிசலும் பெரிது. ஏரியும் அருவியும் ஒன்றாக வேண்டுமென்றால் கூடலூர் சாலையில் இன்னும் 20 கி.மீ. போய்ப் பைக்காராவைப் பாருங்கள். படகுத் துறை, அகன்ற நீர்ப்பரப்பு, அருகே படிப்படியாக இறங்கும் அருவி. அருவியைப் பார்க்கத்தான் முடியும், குளிக்க முடியாது. கோவைக்காரர்களுக்கு இந்த இடத்தோடு ஒரு கடன் உறவு உண்டு. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்தன.

அவலாஞ்சி இதைவிட அமைதியானது. ஆனால் அங்கே வனத்துறை வாகனம், அனுமதி நேரம் என்று காத்திருப்பு சேர்ந்துவிடும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்த இடம் அது, ஆடி, ஆவணியில் அந்தப் பக்கம் திட்டமிடுவதே வீண். ஒரு நாள் பயணத்துக்குப் பைக்காராவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அனுமதிதான் இந்த வழியின் முதல் சிக்கல். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. சீசன் ஞாயிறுக்குச் சனிக்கிழமை இரவு பதிவு செய்ய உட்கார்ந்தால் இடம் கிடைக்காமல் போகலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுவதும் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். சீசனில் குன்னூர் சாலையை ஏறவும் கோத்தகிரி சாலையை இறங்கவும் ஒருவழியாக்குவது வழக்கம். கோத்தகிரி வழி தூரம் சற்று அதிகம் என்றாலும் இறங்குவதற்கு எனக்கு அதுவே பிடிக்கும், வளைவுகள் நிதானமானவை.

ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவு ஏற்பட்டு மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலை அடைபடுவது அடிக்கடி நடக்கிறது. கனமழை எச்சரிக்கை இருந்தால் கிளம்பாதீர்கள்.

யாருக்கு ஏற்றது: குளிரை விரும்புகிறவர்களுக்கு, படி ஏற முடியாத பெரியவர்களுக்கு, வார நாளில் விடுப்பு எடுக்கக்கூடியவர்களுக்கு. செவ்வாய், புதன் போன்ற நாளில் ஊட்டி நல்ல ஊர். சித்திரை, வைகாசி ஞாயிறில் அது சாலையில் நிற்கும் அனுபவம்.

## திருமூர்த்தி மலை – அமராவதி அணை

ஐந்தில் நான் குடும்பங்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். கொண்டை ஊசி வளைவே கிடையாது. பொள்ளாச்சி வழியாக உடுமலை, அங்கிருந்து 20 கி.மீ. தெற்கே திருமூர்த்தி மலை. அடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோயில், பக்கத்தில் அணை, மேலே சுமார் ஒரு கி.மீ. நடந்தால் பஞ்சலிங்க அருவி. மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் காரை ஒருமுறை நிறுத்தினால் போதும். நடக்க முடியாதவர்கள் கோயிலிலும் பாலாற்றங்கரையிலும் உட்கார, மற்றவர்கள் அருவிக்கு ஏறலாம். இந்த வசதி வேறு எந்த வழியிலும் இல்லை.

மதியத்துக்கு மேல் அமராவதி அணை. 1957ல் காமராசர் ஆட்சியில் கட்டியது, முழு நீர்மட்டம் 90 அடி. பக்கத்தில் சதுப்புநில முதலைகளை வளர்க்கும் வனத்துறைப் பண்ணை, பிள்ளைகள் அங்கிருந்து எளிதில் நகர மாட்டார்கள். அணை மீன் வறுவலுக்கும் அந்த இடம் பேர் போனது. பசியோடு போங்கள்.

பஞ்சலிங்க அருவியில் ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே குழிப்பட்டி, குருமலைக் காட்டில் மழை கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். கோயிலையே வெள்ளம் சூழ்ந்துகொள்ளும் ஆண்டுகள் உண்டு. நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வரத் தொடங்கினாலோ உடனே கரையேறுங்கள். ஊழியர் விசில் அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மதியத்துக்கு மேல்தான் மலையில் இடிமழை அதிகம் என்பதால் அருவியைக் காலையிலும் அணையை மாலையிலும் வைத்திருக்கிறேன்.

குறை என்று சொன்னால், குளிர் கிடையாது. மலைவாசத்தலத்தின் தோற்றத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். அமாவாசை அன்று கோயில் கூட்டம் மிக அதிகம், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

## பவானிசாகர் – கொடிவேரி

தாமதமாக எழுந்தவர்களுக்கும் வழி உண்டு. காலை 9 மணிக்குக் கிளம்பினாலும் இதை நிம்மதியாகச் செய்யலாம். பவானிசாகர் எட்டு கி.மீ.க்கும் நீளமான மண் அணை, 1955ல் முடிந்தது. சாதாரண நாளில் அணையின் மேலே பொதுமக்களை விடுவதில்லை, கீழே உள்ள பூங்காதான் நமக்கு. நீர்மட்டம் மிகவும் இறங்கிய ஆண்டுகளில் உள்ளே மூழ்கிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டையின் கோயில் வெளியே தெரியும்.

கொடிவேரி அணைக்கட்டு 1125ல் கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். பவானி ஆறு கல்லணை மேல் விரிந்து வழிந்து அருவி போல விழும். உயரம் குறைவு என்பதால் சிறுவர்களும் தலை கொடுத்து நிற்கலாம். கோபி பக்கத்தில் நெல்வயல், வாழைத் தோட்டம், பரிசல், மீன் வறுவல். மேட்டூர், கோவை, திருப்பூர் என எல்லாப் பக்கத்திலிருந்தும் ஞாயிறன்று கூட்டம் வரும். மேலே அணையில் உபரிநீர் திறந்தால் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். செய்தித்தாளில் ‘பவானிசாகர் நீர்மட்டம் 105 அடியை நெருங்குகிறது’ என்று படித்தால் அந்த வாரம் வேறு இடம் பாருங்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு இது இன்னும் எளிது, கொடிவேரி அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான்.

## ஏற்காடு – கிளியூர்

கோவையிலிருந்து இது தேவையில்லை. கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று மூன்று சுங்கச்சாவடி கட்டிப் போய், 20 வளைவு ஏறி, அதே வழியில் திரும்ப வேண்டும். ஈரோடு, சங்ககிரி, நாமக்கல், சேலம் பக்கத்தவர்களுக்கு மட்டும் நல்ல தேர்வு.

கிளியூர் அருவிக்குப் போகலாமா என்பதை ஊர் ஏரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஏரி நிரம்பி வழிகிற நீர்தான் சுமார் 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. ஏரி வழியவில்லையென்றால் படி இறங்கி ஏறுவது வீண் உழைப்பு. அந்தப் படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் ஏரிக்கரையிலேயே இருக்கட்டும்.

கொல்லிமலையையும் சிலர் கேட்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவும் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளும் சேர்ந்தால், நாமக்கல், ராசிபுரத்துக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது இரண்டு நாள் வேலை.

## எரிமலை எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் உயிருள்ள எரிமலை இல்லை. இந்தியாவில் இருப்பது அந்தமான் பக்கம் உள்ள பாரன் தீவு, அங்கே காரில் போக முடியாது. நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன் எதுவும் எரிமலை கக்கி உண்டானவை அல்ல. பூமியின் அடியாழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான சார்னோகைட் பாறை மேலே உயர்த்தப்பட்டு நிற்கிறது.

ஆனால் உருகிய பாறைக்குழம்பு உறைந்த மலை ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை. அங்கே குழம்பு வெளியே பொங்கவில்லை, பூமிக்குள்ளேயே மெல்ல ஆறி நெஃபலின் சயனைட் என்ற அரிய பாறையானது. பிறகு மேல்மண் அரித்துப் போய் மலை வெளிப்பட்டது. உச்சியில் முருகன் கோயில், கார் மேலே வரை போகும். பக்தரின் கனவில் வந்த பொருளை வைக்கும் ‘ஆண்டவன் உத்தரவு’ பெட்டியும் அங்கேதான். பக்கத்துப் படியூர் நீலப்பச்சைக் கல்லுக்குப் பெயர் பெற்றது, நொய்யல் கரைக் கொடுமணலில் அத்தகைய கற்களை மணிகளாக்கியதற்கு அகழாய்வுச் சான்று கிடைத்திருக்கிறது. கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், பார்ப்பது போதும்.

திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் இதையே ஒரு பயணமாக்கலாம்: காலை 7 மணிக்குச் சிவன்மலை, பிறகு காங்கேயம், தாராபுரம் வழியாக அமராவதி அணை, நேரம் இருந்தால் திருமூர்த்தி மலை. பாறை, ஏரி, அருவி மூன்றும் சமதளச் சாலையில்.

## எந்த வீட்டுக்கு எது

கைக்குழந்தையோ எழுபது வயதைத் தாண்டியவரோ இருந்தால் உடுமலை. கிளம்பவே 9 மணி ஆகும் வீடு என்றால் கொடிவேரி. நான்கு நண்பர்கள், வண்டி ஓட்ட இருவர் என்றால் வால்பாறை. வார நாளில் விடுப்பும் கையில் இ-பாஸும் இருந்தால் பைக்காரா. சேலம் பக்கம் வீடு, மழை நின்று ஒரு வாரம் என்றால் ஏற்காடு. மே மாத வெயிலில் அருவிக் குளியல்தான் வேண்டும் என்றால் கொடிவேரியைத் தவிர மற்ற நான்கும் ஏமாற்றும். கோவைக் குற்றாலம் அருவி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அரை நாளில் முடியும். ஆனால் திங்கட்கிழமை விடுமுறை, மழைக்காலத்தில் அடிக்கடி மூடுவார்கள். கேட்டுவிட்டுப் போங்கள்.

எந்த வழியானாலும் மதிய உணவைக் கட்டிக்கொண்டு போவது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அரிசி பருப்புச் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் பகல் இரண்டு மணி வரை கெடாது. மலை ஏறும் காருக்கு டயர் காற்றையும் பிரேக்கையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தே இறங்கினால் கருகிய வாடை வரும், வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குகிறவர் கடமை.